சாவியைப் பைக்குள் போட்டது உங்கள் தவறு இல்லை

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். அவர் யார் என்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"எனக்கு 41 வயது. எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தேன். ஆங்கில எழுத்துகள் தெரியும், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆறு மாதமாக ஓர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். மேலாளருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் கற்றே ஆக வேண்டும் என்று, ஒரு புத்தகத்தில் இருந்த ஆயிரம் சொற்களை நோட்டில் எழுதி, ஒரு நாளைக்கு இருபது வீதம் மனப்பாடம் செய்தேன். போன வாரம் மேலாளர் கிளம்பும்போது 'புட் த கீ பேக் இன் த டிராயர்' என்றார். புட், கீ, பேக், டிராயர் எல்லாமே என் நோட்டில் இருக்கிற சொற்கள். டிராயருக்குப் பக்கத்தில் ஒரு பை மாட்டியிருந்தது. சாவியை அதற்குள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை அரை மணி நேரம் எல்லோரும் சாவியைத் தேடினார்கள். விஷயம் தெரிந்ததும் சிரித்தார்கள். அதற்கப்புறம் நோட்டைத் தொடவே மனசு வரவில்லை. என் மகளும் 'விடும்மா' என்கிறாள். எல்லாச் சொல்லும் தெரிந்தும் எனக்கு ஏன் புரியவில்லை? வயதாகிவிட்டதா? எத்தனை சொல் தெரிந்தால் போதும்? இலக்கணத்தை முதலில் படித்திருக்க வேண்டுமா? 30 நாளில் சரளமாகப் பேச வைப்பதாகச் சொல்லும் ஒரு வகுப்பில் முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டச் சொல்கிறார்கள். சேரலாமா? இன்னொன்று, வேலையில் ஓர் ஆங்கிலத் தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். என்னவென்று புரியாமலே போட்டுக் கொடுத்துவிட்டேன். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெரியவர்களுக்கு ஆரம்ப ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதுதான் பல வருஷமாக என் வேலை. உங்களைப் போல நோட்டு நோட்டாக எழுதிவிட்டு, ஒருநாள் பட்ட அவமானத்தில் அதை மூடி வைத்தவர்கள் நிறையப் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். உங்கள் ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லை. கேட்ட வாக்கியத்தில் நான்கு சொல்லை அடையாளம் கண்டுபிடித்திருக்கிறீர்களே, அது இரண்டு மாத உழைப்புக்குக் கிடைத்த நல்ல பலன். சொற்களைத் தனித்தனியாகப் பிய்த்து, தமிழ் எழுத்தில் எழுதி வைத்ததில்தான் கோளாறு. அந்தச் சாவியை வைத்தே அதைப் பார்க்கலாம்.

ஒரே 'பேக்', நான்கு சொல்

உங்கள் நோட்டில் 'பேக்' என்றால் பை என்று எழுதியிருப்பீர்கள். அது சரி. ஆனால் மேலாளர் சொன்ன 'பேக்' அது இல்லை. சாவியைத் திரும்ப டிராயரில் வை என்றுதான் அவர் சொன்னார். ஆங்கிலத்தில் பைக்கு ஒரு சொல். முதுகுக்கும் 'திரும்ப' என்பதற்கும் இன்னொரு சொல். பொட்டலம் கட்டுவதற்கு மூன்றாவது சொல். அடுமனையில் சுடுவதற்கு நான்காவது. நான்குக்கும் எழுத்துக்கூட்டு வேறு, ஒலியும் வேறு. தமிழில் எழுதினால் மட்டும் நான்கும் 'பேக்' ஆகிவிடுகின்றன. உங்கள் நோட்டில் நான்கு பேர் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஆளை அடையாளம் தெரியாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

இது தமிழ் எழுத்தின் குறை இல்லை. 'பல்' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'தம்பி' என்று சொல்லுங்கள். இரண்டிலும் பகரம்தான், ஆனால் ஒலி வேறு. 'பக்கம்', 'தங்கம்' இரண்டிலும் ககரம் அதேபோல மாறும். தமிழில் எழுத்து வரும் இடத்தை வைத்தே எந்த ஒலி என்று தெரிந்துவிடுவதால் ஓர் எழுத்தே போதும். ஆங்கிலத்தில் அந்த ஒலி மாறினால் பொருளே மாறிவிடும். பையைக் குறிக்கும் 'பேக்' தம்பியின் பகரத்தில் தொடங்கி, தங்கத்தின் ககரத்தில் முடியும். 'திரும்ப' என்கிற 'பேக்' அதே தம்பியின் பகரத்தில் தொடங்கினாலும், பக்கத்தின் ககரத்தில் முடியும். பொட்டலம் கட்டுகிற 'பேக்' பல்லின் பகரத்தில் தொடங்கும்.

உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். பொட்டலம் கட்டுகிற சொல்லை ஆங்கிலக்காரர்கள் சொல்லும்போது முதல் எழுத்தில் குப்பென்று காற்று கையில் படும். மற்ற இரண்டிலும் அப்படிப் படாது. பைக்கும் 'திரும்ப'வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைசி எழுத்தை விட நடுவில் உள்ள உயிரொலி நன்றாகக் காட்டிக்கொடுக்கும். பையில் அது கொஞ்சம் இழுபடும், 'திரும்ப'வில் சட்டென்று வெட்டுப்படும். இந்த மூன்றிலும் அந்த உயிரொலி நம்முடைய ஏகாரமும் இல்லை, ஆகாரமும் இல்லை. ஏகாரம் சொல்லத் தொடங்கி, அப்படியே தாடையை இன்னும் இறக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

அதனால் அடுத்த நோட்டில் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள், எவ்வளவு மெதுவாக வந்தாலும் பரவாயில்லை. தமிழ் பொருளுக்கு மட்டும் இருக்கட்டும். உச்சரிப்பைக் காதால்தான் பிடிக்க வேண்டும். கைபேசியில் அகராதிச் செயலி இருந்தால் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டாலே சொல்லிக் காட்டும்.

சரி, ஒருவேளை நீங்கள் ஒலியைச் சரியாகவே பிடித்திருந்தாலும் அன்றைக்குப் புரிந்திருக்குமா? அந்தச் சொல்லுக்கு நோட்டில் 'முதுகு' என்று மட்டும் இருந்திருந்தால், சாவிக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பியிருப்பீர்கள். 'புட் பேக்' என்பது ஒரே சொல் மாதிரி. எடுத்த இடத்திலேயே வை என்று பொருள். அதேபோல 'கிவ் பேக்' என்றால் திருப்பிக் கொடு, 'கம் பேக்' என்றால் திரும்பி வா, 'கால் பேக்' என்றால் நம்மை அழைத்தவரைத் திரும்ப அழை. 'திரும்ப' என்கிற ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால் நான்கு வந்துவிடுகிறது. 'முதுகு' என்று மனப்பாடம் செய்தால் அதில் ஒன்றுகூடக் கிடைக்காது.

சொல்லுக்குச் சொல் வைத்தால் ஏன் இடிக்கிறது

நம்முடைய 'போடு' என்ற சொல்லைப் பாருங்கள். சட்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், விளக்கைப் போடுகிறோம், சண்டை போடுகிறோம். குப்பையையும் போடுகிறோம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வினை. சட்டைக்கு 'வேர்', கையெழுத்துக்கு 'சைன்', விளக்குக்கு 'ஸ்விட்ச் ஆன்', சண்டைக்கு 'ஃபைட்', குப்பைக்கு 'த்ரோ'. 'கேள்' இன்னும் குழப்பும். ஒருவரிடம் விசாரித்தால் 'ஆஸ்க்', காதில் தானாக விழுந்தால் 'ஹியர்', கவனம் வைத்துக் கேட்டால் 'லிசன்'. 'ஆஸ்க் என்றால் கேள்' என்று மட்டும் எழுதி வைத்தவர், பாட்டுக் கேட்கிறேன் என்று சொல்ல வரும்போது அதையே போட்டு மாட்டிக்கொள்வார்.

எதிர்ப்பக்கமும் இப்படித்தான். 'டேக்' என்றால் எடு என்று படித்திருப்பீர்கள். ஆனால் அவர்கள் அதை வைத்துத்தான் மருந்து சாப்பிடுவார்கள், பஸ்ஸில் போவார்கள், ஓய்வெடுப்பார்கள், நேரம் ஆகும் என்பார்கள். இரண்டு மொழியும் உலகத்தை வேறு வேறு இடத்தில் வெட்டித் துண்டு போட்டிருக்கின்றன. ஒரு மொழியின் துண்டு இன்னொன்றின் துண்டோடு அச்சாகப் பொருந்தாது.

நான் என்ன சொல்கிறேன் என்றால், 'டேக் - எடு' என்று எழுதாதீர்கள். 'டேக் த மெடிசின்' என்று முழுசாக எழுதி, எதிரே 'மருந்தைச் சாப்பிடு' என்று எழுதுங்கள். சொல்லை அதன் கூட்டாளியோடு சேர்த்தே வாயில் ஏற்றுங்கள். ஒரு நாளைக்கு இருபது வேண்டாம், ஐந்து போதும். ஐந்தும் அன்றைக்கு உங்கள் கை தொட்டதாக, உங்கள் காதில் விழுந்ததாக இருக்கட்டும்.

எத்தனை சொல் போதும்?

இந்தக் கேள்வியைப் பெரிய அறிஞர்களே கேட்டிருக்கிறார்கள். 1930-இல் ஆக்டன் என்பவர் 850 சொற்களிலேயே அன்றாட ஆங்கிலத்தை நடத்தலாம் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் 600 சொற்கள் பொருள்களின் பெயர்கள், 150 தன்மைகளைச் சொல்பவை, மீதி 100 வாக்கியத்தை ஓட்டுபவை. வினைச்சொல் 18-தான். வா, போ, கொடு, எடு, வை, சொல், பார் மாதிரியானவை. உங்கள் மேலாளர் சொன்ன 'புட்' அதில் ஒன்று. 1953-இல் வெளிவந்த மைக்கேல் வெஸ்ட்டின் பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் இருந்தன. அவர் வங்காளத்தில் பல வருஷம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பதில் ஈடுபட்டிருந்தவர். ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதோடு நிற்காமல், அதன் எந்தப் பொருள் அதிகமாக வருகிறது என்பதையும் அந்தப் பட்டியல் குறித்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

ஆனால் 850 என்ற எண்ணைப் பார்த்து ஆறுதல் பட்டுவிட வேண்டாம். 'புட்' ஒரே சொல்லாகத்தான் பட்டியலில் இருக்கும். 'புட் ஆன்' என்றால் உடுத்திக்கொள், 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு, 'புட் அவுட்' என்றால் நெருப்பை அணை. கணக்கில் ஒன்று, கற்பதற்கு நான்கு. இன்னொரு விஷயம், ஆயிரம் சொல் புத்தகங்கள் பலவற்றில் பழம், பறவை, விலங்கு என்று வகைபிரித்து அடுக்கியிருப்பார்கள். ஒட்டகச்சிவிங்கிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரிந்து உங்கள் அலுவலகத்தில் ஆகப்போவது ஒன்றுமில்லை. 'முன்னால்', 'அப்புறம்', 'காலி', 'பூட்டியிருக்கிறது', 'இன்னும் வரவில்லை' இவையெல்லாம் தினமும் வேண்டும். அடுத்த ஆறு மாதத்துக்கு 300 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் புழங்குகிற 300, கேட்டதுமே கை தானாக நகர்கிற மாதிரி.

அதில் பாதிக்கு மேல் இப்போதே உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். பஸ், டிக்கெட், ஸ்விட்ச், பேனா, பேப்பர், லீவு, லேட், ஃபுல், ஓப்பன், கேன்சல் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே போங்கள். ஒரு மணி நேரத்தில் நூற்றைத் தாண்டிவிடுவீர்கள். இரண்டு எச்சரிக்கை மட்டும். நாம் வாங்கிய சொற்கள் எல்லாமே ஆங்கிலம் இல்லை. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை நான்கும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை. அடுத்தது, சில சொற்கள் நம்மிடம் வந்ததும் பொருள் மாறிவிட்டன. ஹோட்டல் என்றால் நமக்குச் சாப்பிடும் இடம், ஆங்கிலத்தில் முதலில் தங்கும் இடம்தான். கரண்ட் போய்விட்டது என்று நாம் சொல்வதை அங்கே 'பவர்' என்ற சொல்லை வைத்துச் சொல்வார்கள்.

மறப்பதைப் பற்றி

1885-இல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து எழுதினார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகம், அப்புறம் மெதுவாகிறது. ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நாள் இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த உழைப்பில் நிற்கிறது என்பதும் அவர் கண்டதுதான். வாக்கியத்தோடு சேராத ஒற்றைச் சொல் பட்டியலும் மூளைக்கு ஏறக்குறைய அந்த அர்த்தமில்லாத அசை மாதிரிதான்.

இதை வைத்து லைட்னர் என்பவர் 1972-இல் ஒரு எளிய பெட்டி முறையைச் சொன்னார். நான் இன்றுவரை அதைத்தான் பயன்படுத்தச் சொல்கிறேன். சின்ன அட்டையின் ஒரு பக்கம் ஆங்கில வாக்கியம், மறுபக்கம் தமிழ். பெட்டியில் மூன்று அறை. முதல் அறையைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறை. தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்தைச் சொல்ல வந்துவிட்டால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், வரவில்லை என்றால் முதல் அறைக்கே திரும்பும். ஒன்று மட்டும் முக்கியம்: அட்டையைத் திருப்புவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்த்துவிட்டு 'ஆமாம், இது தெரியும்' என்று நினைப்பது தெரிந்ததாக ஆகாது. அந்தப் பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலிருந்து உங்கள் வேலைக்கு ஆகிற சொற்களைப் பொறுக்கியெடுத்து அட்டைக்கு மாற்றுங்கள்.

வயதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். உச்சரிப்பை அச்சு அசலாகப் பிடிப்பதில் சிறு வயதில் தொடங்குகிறவர்களுக்குச் சாதகம் உண்டு. சொற்களைச் சேர்ப்பது அப்படி இல்லை, மனிதர்கள் முதிர்ந்த வயதிலும் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் மகள் 'கம் பேக்' என்ற சொற்களைப் படிக்கும்போது அது பாடம். நீங்கள் படிக்கும்போது அதற்குள் யாரோ ஒருவர் திரும்பி வருகிறார். அந்த அனுபவம் ஞாபகத்துக்குப் பெரிய துணை.

இலக்கணப் புத்தகத்தையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். இரண்டு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். நாம் வினையைக் கடைசியில் வைப்போம், அவர்கள் சீக்கிரமே சொல்லிவிடுவார்கள். 'சாவியை டிராயரில் வை' என்பதில் நமக்குக் கடைசியில் வரும் 'வை' அங்கே முதலில் நிற்கிறது. அப்புறம், நாம் 'டிராயரில்' என்று வாலில் ஒட்டுவதை அவர்கள் 'இன் த டிராயர்' என்று தலையில் வைப்பார்கள். நம்முடைய அந்த ஒரு 'இல்', அவர்களிடம் உள்ளே என்றால் 'இன்', மேலே என்றால் 'ஆன்' என்று பிரியும். மீதி இலக்கணம் அட்டைகளிலேயே மெல்ல ஏறிவிடும்.

பணம் கட்டுவதற்கும் கையெழுத்துப் போடுவதற்கும் முன்னால்

30 நாளில் சரளம் வராது. முப்பது நாளில் பயம் கொஞ்சம் விலகலாம், நூறு வாக்கியம் வரலாம், அதுவே நல்ல பலன்தான். வகுப்புக்கே போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன், எதிரில் ஆள் இருந்து பேசுவது பெரிய உதவி. ஆனால் ஒரு வகுப்பையாவது உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒரு மணி நேரத்தில் நீங்கள் எத்தனை நிமிஷம் வாய் திறப்பீர்கள், பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மாதாமாதம் கட்ட விடாமல் மொத்தமாக இன்றைக்கே கட்டு என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கையெழுத்து விஷயம் இதைவிடப் பெரியது. படிக்கத் தெரியாத மொழியில் இருக்கிற தாளில், யாராவது விளக்கிச் சொல்லாமல் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 'படித்துக் காட்டுங்கள், நாளைக்குப் போட்டுத் தருகிறேன்' என்று கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது. ஏற்கெனவே போட்ட தாளுக்கு ஒரு நகல் கேளுங்கள். அது விடுப்பு விண்ணப்பமாகவோ அடையாள அட்டைப் படிவமாகவோ இருக்கலாம், தெரிந்துகொண்டால் தூக்கம் வரும். சம்பளம், கடன், பொறுப்பு ஏற்பது என்று ஏதாவது எழுதியிருந்தால் நகலோடு ஒரு வழக்கறிஞரையோ விவரம் தெரிந்தவரையோ பாருங்கள். புரியாமல் போட்டீர்கள் என்பதாலேயே கையெழுத்து தானாகச் செல்லாமல் போய்விடாது. அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வேலையிடத்தில் நாளைக்கே உதவக்கூடிய வாக்கியங்கள் சில சொல்கிறேன். இவைதான் உங்கள் முதல் அட்டைகள். 'ப்ளீஸ் சே இட் அகெய்ன்', இன்னொரு தடவை சொல்லுங்கள். 'ஸ்லோலி, ப்ளீஸ்', மெதுவாக. 'ப்ளீஸ் ஷோ மீ', காட்டுங்கள். அப்புறம், புரிந்ததைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிற பழக்கம்: 'கீ இன் த டிராயர், ரைட்?' அன்றைக்கு இந்த ஒரு வரி இருந்திருந்தால் யாரும் சாவியைத் தேடியிருக்க மாட்டார்கள். எண்களிலும் இப்படிச் சரிபாருங்கள். பதின்மூன்றுக்கும் முப்பதுக்கும் ஆங்கிலத்தில் வால் மட்டும்தான் வித்தியாசம், தொலைபேசியில் அது கேட்காது. 'ஒன் த்ரீ?' என்று ஒவ்வோர் இலக்கமாகக் கேட்டுவிடுங்கள்.

மகள் 'விடும்மா' என்று சொல்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். அவளுக்கு நீங்கள் அவமானப்பட்டது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அவளையே கூட்டாளி ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரு பையையும் கட்டிவைத்த ஒரு பொட்டலத்தையும் தரையில் வையுங்கள். அவள் மூன்று 'பேக்' சொற்களையும் முதலில் செயலியில் கேட்டுக்கொள்ளட்டும். அப்புறம் உங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மாற்றி மாற்றிச் சொல்லட்டும். பையா, பொட்டலமா, அவள் முதுகா, எது என்று நீங்கள் தொட்டுக் காட்ட வேண்டும். முதல் நாள் பாதிதான் சரியாக வரும். பத்துக்குப் பத்து வந்ததும் ஆளை மாற்றுங்கள், நீங்கள் சொல்லுங்கள், அவள் தொடட்டும்.